வாய்க்கால் சாலைக்கு லஸ்கர் பெயரை வைக்கலாமா?

"எங்கள் ஊர் வாய்க்கால் மதகில் 32 ஆண்டுகள் லஸ்கராக இருந்தவர் சமீபத்தில் காலமாகிவிட்டார். மேட்டூரில் தண்ணீர் திறந்த வருடங்களில், அவர் காலத்தில் கடைமடை வயல்கள் காய்ந்ததே இல்லை. வாய்க்கால் கரையில் போகும் சாலைக்கு அவர் பெயரை வைக்க ஆசைப்படுகிறோம். 'சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்தவருக்கு எதற்குச் சாலை?' என்று சிலர் கேட்கிறார்கள். பெயர் வைக்கலாமா? யாரை அணுக வேண்டும்?"
– டெல்டா வாசகர்கள்

தாராளமாக வைக்கலாம். சம்பளம் வாங்கினார் என்பது உண்மைதான். ஆனால், சம்பளப் பட்டியலில் எழுதப்படாத வேலைகள் லஸ்கருக்கு நிறைய உண்டு. ஷட்டரை ஏற்றி இறக்குவதும், அளவுகோலில் நீர்மட்டம் பார்த்து அலுவலகத்துக்குச் சொல்வதும்தான் வெளியில் தெரியும் வேலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டார்ச் லைட்டோடு கரையில் நடந்து, நண்டு வளையிலும் எலி வளையிலும் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது யார் கண்ணிலும் படாது. ராத்திரியில் கசிவைக் கண்டுபிடித்தால் நாலு மணல் மூட்டையில் அடைத்துவிடலாம். விட்டுவிட்டால் விடிவதற்குள் கரை உடைந்து, நட்ட பயிர் முழுகிவிடும்.

அதைவிடக் கஷ்டமானது முறை பார்த்துத் தண்ணீர் விடுவது. தலைமடைக்காரர் ஒரு சாண் கூடுதலாக ஷட்டரைத் தூக்கினால், கடைமடையில் பூக்கும் பருவத்தில் இருக்கும் நெல் பதராகிப் போகும். சொந்தக்காரர், தெரிந்தவர், செல்வாக்கானவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவில் தண்ணீர் விட்ட மனிதர் 32 ஆண்டுகளில் எத்தனை பேருடைய கோபத்தைச் சம்பாதித்திருப்பார் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். ஊர் மரியாதை செய்ய நினைப்பது அந்த நேர்மைக்குத்தான்.

பதவிக்காக வைத்த பெயர் ஊர் வாயில் நிற்பதில்லை. மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்கு அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லியின் பெயர் வைக்கப்பட்டது. 1934-இல் இருந்து ஆவணங்களில் அது ஸ்டான்லி நீர்த்தேக்கம்தான். ஆனால், 'ஸ்டான்லியில் தண்ணீர் எவ்வளவு?' என்று எந்த விவசாயியும் கேட்பதில்லை. முல்லைப் பெரியாறு அணைக்கு அதைக் கட்டிய பொறியாளர் பென்னி குயிக்கின் பெயரை வைக்கவில்லை. அணை கட்டி முடித்தது 1895-இல். இன்றைக்கும் தேனி மாவட்ட விவசாயிகள் அவர் பிறந்த ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறார்கள்; குழந்தைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர் வந்ததும், லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டதும் அதற்கெல்லாம் பின்னால்தான். ஜனங்கள் மனதில் இடம்பிடித்த பெயர் பலகைக்கு வந்தால்தான் நிலைக்கும். உங்கள் லஸ்கர் பெயர் அந்த வகை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் ஆர்.எஸ்.புரம் தெரியாதவர்கள் இல்லை. அது ரத்தினசபாபதிபுரம். நகராட்சித் தலைவராக இருந்து, சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவர உழைத்தவர் ரத்தினசபாபதி முதலியார். அங்கேயே உள்ள டி.பி. ரோடு என்பதும் அவருடைய 'திவான் பகதூர்' பட்டத்தைக் குறிப்பதுதான். இரண்டு பெயரும் வெறும் எழுத்துகளாகச் சுருங்கிவிட்டன. சிறுவாணித் தண்ணீர் குடிப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனிதரைத் தெரியும்? ஆகவே, பட்டம், அடைமொழி எல்லாம் சேர்த்து நீளமாக வைக்காமல், ஊரார் அவரை எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தப் பெயரோடு 'லஸ்கர்' என்பதையும் சேர்த்து வையுங்கள். பெயரைக் கேட்கும் பிள்ளைகள், 'லஸ்கர்னா யாரு?' என்று கேட்பார்கள். அப்போது பதில் சொல்ல வழி கிடைக்கும்.

சாலை யாருக்குச் சொந்தம்?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். கரையில் போகும் சாலைகள் பெரும்பாலும் வாய்க்கால் புறம்போக்கில் இருக்கும். தார் போட்டது ஊராட்சியாக இருந்தாலும், கரை நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் அந்தப் புல எண் என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது எனப் பாருங்கள். வாய்க்கால் என்று இருந்தால், நீர்வளத் துறை உதவிச் செயற்பொறியாளரிடம் எழுத்து மூலம் தடையின்மைக் கடிதம் கேளுங்கள். ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் அந்தத் துறையிடமும் போக வேண்டும்.

சாலையில் ஒரு துண்டு பட்டா நிலத்தில் போனால் எச்சரிக்கை தேவை. பெயர்ப் பலகை வைத்துவிட்டால் மட்டும் அது பொதுப் பாதை ஆகிவிடாது. நாளைக்கு வாரிசுகள் வேலி போட்டால், லஸ்கர் பெயரைச் சொல்லி ஊர் சண்டை போடும்படி ஆகும். நில உரிமையாளர் சம்மதித்தால், அந்தத் துண்டை ஊராட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்துகொண்டு பெயர் வைப்பது நல்லது.

கிராமசபைத் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. அதற்கு முன்பே ஊராட்சியில் மனு கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். தீர்மான நகலையும் ஊராட்சி மன்றத் தீர்மானத்தையும் சேர்த்து, வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஒப்புதல் வந்தபிறகு பலகை வையுங்கள்.

கூட்டத்துக்குத் தலைமடைக்காரர்களும் எல்லாத் தெருக்காரர்களும் வர வேண்டும். பெயர் வைப்பதில் வரும் வம்பு சாதாரணமானதல்ல. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை, கலவரங்களுக்குப் பிறகு 1997-இல் அரசே மொத்தமாக நீக்கியது. ஊர், தெருப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயர்களை நீக்கவும் 2025-இல் அரசாணை வந்திருக்கிறது. எனவே, லஸ்கர் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எல்லா வயலுக்கும் தண்ணீர் விட்டவர். அவரை ஒரு தெருவுக்கு மட்டும் சொந்தமாக்கினால், அவர் பார்த்த முறைப்பாசனத்துக்கே அது விரோதம்.

வளைவு வேண்டாம்

சாலை தொடக்கத்தில் சிமென்ட் வளைவு கட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். நெல் அறுவடை இயந்திரமும், வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டரும் போகிற பாதை அது. வளைவில் வைக்கோல் பாரம் சிக்கினால், பெயர் வைத்தவர்களைத்தான் ஊர் திட்டும். ஒதுக்குப்புறமாக ஒரு கல் போதும். அதில் அவர் பெயர், எந்த மதகு, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, கடைமடை வரை எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்சினார் என்று நாலு வரி எழுதுங்கள். ஏக்கர் கணக்கை நீர்வளத் துறையின் ஆயக்கட்டுக் கணக்கில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வளைவுக்கு ஆகும் பணத்தில் மதகு ஷட்டரின் துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, கிரீஸ் போட துறையிடம் அனுமதி கேட்கலாம். நீர்வளத் துறை சம்மதித்தால், கரையின் வெளிப்பக்கச் சரிவில் பனை விதை போடலாம். பனையின் சல்லி வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கரையின் மேல் பெரிய மரக்கன்றுகள் நட வேண்டாம். வேர் தடித்து, பிறகு பட்டுப்போனால், அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் கசியும்.

ஒப்புதல் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். அவரோடு வேலை பார்த்தவர்களிடம், எந்த மழையில் எந்த இடத்தில் கரை கசிந்தது, எப்படி அடைத்தார், முறை எப்படி வைத்தார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவருக்குப் பிறகு அந்த மதகுக்கு வருகிறவரிடம் அதில் ஒரு நகலைக் கொடுங்கள். அடுத்த வருடமும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்கு அந்த நோட்டு உதவும்.