செடிக்கு விளக்கு வாங்கும்போது யாருடைய கண்ணால் அளக்கிறோம்?

தாவரவியல், வேளாண்மை, உயிர்த்தொழில்நுட்பம் சார்ந்த ஆய்வேடுகளின் முறையியல் பகுதியில் ஒரே வார்ப்பிலான தொடர் ஒன்று மீண்டும் மீண்டும் தென்படுகிறது. நாற்றுகள் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், நாளொன்றுக்கு 16 மணி நேரம், 3000 லக்ஸ் ஒளியில் வளர்க்கப்பட்டன என்பதே அது. முதல் இரண்டு எண்களில் குறையில்லை. மூன்றாவது எண்ணை நம்பி வேறோர் ஆய்வகம் அதே சோதனையைத் திரும்பச் செய்ய இயலாது என்பதே என் கருத்து. இந்த எண்ணோடு நம் துறைகளின் விளக்குக் கொள்முதலும், மின்கட்டணமும், ஆய்வு மாணவர்களின் உழைப்பும் பிணைந்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லக்ஸ், லூமென் ஆகிய அலகுகள் மனிதக் கண்ணுக்காக வகுக்கப்பட்டவை. நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சை ஒளியை மிகப் பிரகாசமாக உணர்கிறது. சிவப்பையும் நீலத்தையும் மங்கலாகவே உணர்கிறது. அந்தச் சாய்வை உள்ளடக்கியே லூமென் கணக்கிடப்படுகிறது. ஒளிச்சேர்க்கையோ ஒளித்துகள்களின் எண்ணிக்கையைச் சார்ந்து நடக்கிறது. ஆகவே 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்று சொல்வதே செடிக்குப் பொருந்தும் அளவை. பி.பி.எஃப்.டி. என்று சுருக்கமாக வழங்கப்படுவது இதுவே. தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் தரும்.

இவ்விரு அளவைகளுக்கும் இடையிலான உறவு விளக்குக்கு விளக்கு மாறுவதுதான் சிக்கலின் வேர். வெண்ணிற ஃப்ளூரசன்ட் குழல் விளக்கின் கீழ் ஒரு மைக்ரோமோல் என்பது ஏறத்தாழ 74 லக்ஸ். சூரிய ஒளியில் ஏறத்தாழ 54 லக்ஸ். 660 நானோமீட்டர் சிவப்பும் 450 நானோமீட்டர் நீலமும் மட்டுமே கொண்ட ஊதா நிற எல்.இ.டி.யின் கீழ் அது 7 அல்லது 8 லக்ஸ் மட்டுமே. அதாவது, ஆய்வேட்டில் எழுதப்பட்ட அந்த 3000 லக்ஸ், குழல் விளக்கில் 40 மைக்ரோமோலாகவும், ஊதா விளக்கில் 400 மைக்ரோமோலாகவும் இருக்கக்கூடும். பத்து மடங்கு வேறுபாடு! உர அளவில் இப்படியொரு குழப்பம் இருந்தால் எந்தத் தேர்வாளரும் அந்த ஆய்வேட்டை ஏற்றுக்கொள்ளமாட்டார். ஒளியில் மட்டும் அதைச் சகித்துக்கொள்கிறோம்.

இந்தப் பழக்கத்திற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியர் பெரும்பாலோர் எல்.இ.டி.யை அறிமுகம் செய்துகொண்டது வீட்டு விளக்காகத்தான். 2015இல் தொடங்கிய உஜாலா திட்டம் அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. வீட்டு விளக்கின் பெட்டியில் அச்சிடப்படும் நட்சத்திரக் குறியீடு, ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் கிடைக்கிறது என்பதை வைத்தே தரப்படுகிறது. படிப்பறைக்கு அது மிகச் சரியான அளவுகோல். அதே அளவுகோலை வளர்ப்பு அறைக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம்.

இதற்கு நேர்மாறான இன்னொரு தவறும் சந்தையில் உலவுகிறது. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் மட்டுமே உறிஞ்சும், எனவே ஊதா விளக்கே செடிக்கு ஏற்றது, பச்சை ஒளி வீண் என்பது அதன் வாதம். அதற்குச் சான்றாகக் காட்டப்படும் வரைபடம், இலையிலிருந்து பிரித்தெடுத்துக் கரைப்பானில் கரைத்த பச்சையத்தினுடையது. முழு இலை அப்படி நடந்துகொள்வதில்லை. இலைக்குள் நுழைந்த பச்சை ஒளி திசுக்களிடையே சிதறிச் சிதறிப் பெரும்பங்கு உறிஞ்சப்பட்டுவிடுகிறது. டெக்சாஸில் பணியாற்றிய மெக்ரீ, 22 பயிர்த் தாவரங்களின் இலைகளை ஒவ்வோர் அலைநீளத்திலும் அளந்து 1972இல் வெளியிட்ட ஆய்வு, பச்சை ஒளியிலும் ஒளிச்சேர்க்கை நன்றாகவே நடக்கிறது என்று காட்டியது. மேற்பரப்பு ஏற்கெனவே வலுவான வெண்ணொளியால் நிறைவுற்ற நிலையில், கூடுதலாகச் சேரும் பச்சை ஒளி இலையின் அடியடுக்குகளைச் சென்றடைந்து சிவப்பைவிடத் திறமையாகப் பயன்படுகிறது என்பதை ஜப்பானின் தெராஷிமா குழுவினர் 2009இல் விளக்கினர். ஊதா ஒளியில் இலையின் மஞ்சளிப்பையும் நோய்ப்புள்ளிகளையும் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிவப்பு எல்.இ.டி.க்கு உரிய நியாயத்தையும் மறுக்க முடியாது. சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் குறைவு என்பதால், ஒரு ஜூல் மின்னாற்றலிலிருந்து கொள்கையளவில் 5.5 மைக்ரோமோல் வரை 660 நானோமீட்டர் ஒளியைப் பெறலாம்; 450 நானோமீட்டர் நீலத்தில் அந்த உச்சவரம்பு 3.8 மட்டுமே. ஆகவே வெண்ணிற எல்.இ.டி.களோடு சில 660 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி.களைச் சேர்த்த விளக்கே பெரும்பாலான தேவைகளுக்குப் போதுமானது, சிக்கனமானது என்பது என் நிலைப்பாடு.

ஒளியின் நிறம் ஒளிச்சேர்க்கையோடு நின்றுவிடுவதில்லை. நீலம் குறைந்தால் பல செடிகளின் தண்டு நீண்டு மெலிகிறது. நீலம் மிகுந்தால் செடி குட்டையாக, அடர்ந்து வளர்கிறது. 730 நானோமீட்டரை ஒட்டிய தொலைசிவப்பு ஒளியைக் கொண்டு செடி நிழலை உணர்கிறது. பல தாவரங்களில் பூக்கும் காலமும் அதனால் மாறுகிறது. பழைய வளர்ப்பு அறைகளில் குழல் விளக்குகளோடு குண்டு பல்புகளையும் பொருத்தியிருந்ததன் காரணம் இதுவே. குண்டு பல்பு தொலைசிவப்பை ஏராளமாகத் தரும். அவற்றைக் கழற்றிவிட்டு வெறும் வெண்ணிற எல்.இ.டி.யை மாட்டினால், மின்சாரம் மிச்சமாவதோடு சோதனையின் நிபந்தனையும் சத்தமில்லாமல் மாறிவிடுகிறது. இந்த மாற்றத்தை ஆய்வேட்டில் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர்?

இனிப் பணக்கணக்கு. பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணை நம்ப வேண்டாம். "1000 வாட்" என்று பெரிதாகப் போட்ட விளக்கு உண்மையில் அதில் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தையே இழுப்பதும் உண்டு. கேட்க வேண்டியது, ஒரு ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் என்ற திறன் எண். 1.2 மீட்டர் நீளமும் 0.5 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அடுக்குத் தட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 200 மைக்ரோமோல் ஒளி வேண்டும். விளக்கின் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கு தட்டில் விழுகிறது என்று கொண்டால், விளக்கு நொடிக்கு 150 மைக்ரோமோல் தர வேண்டும். திறன் 2.5 உள்ள விளக்குக்கு இதற்கு 60 வாட் போதும், 1.5 உள்ள விளக்குக்கு 100 வாட் தேவை. நாளுக்கு 16 மணி நேரம் எரிந்தால் ஆண்டில் ஒரு தட்டுக்கு 234 யூனிட் வேறுபாடு. யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 தட்டுகள் கொண்ட அறையில் ஆண்டுக்கு 37,000 ரூபாய்க்கும் மேல் வீணாகிறது. அந்தக் கூடுதல் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறுவதால் குளிர்சாதனத்தின் செலவும் ஏறும். குறைந்த விலைப்புள்ளிக்கே கொள்முதல் என்ற நடைமுறையில் இந்தச் செலவு எங்கும் பதிவாவதில்லை. விளக்கு ஒரு கணக்குத் தலைப்பிலும், மின்கட்டணம் வேறொரு தலைப்பிலும் போய்விடுகிறது.

விதியை மாற்றாமலேயே இதைச் சரிசெய்ய முடியும். குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கும் முன் தொழில்நுட்பத் தகுதியை வரையறுக்கும் உரிமை நமக்கு உண்டு. செடியின் மேல்மட்டத்தில் வேண்டிய மைக்ரோமோல் அளவு, தட்டின் நடுவிலும் விளிம்பிலும் அது எவ்வளவு வேறுபடலாம், ஒரு ஜூலுக்குக் குறைந்தபட்சத் திறன், அளந்தறிந்த நிறமாலை வரைபடம், உண்மையான மின் நுகர்வு, ஈரப்பதத் தாங்குதிறன், உத்தரவாதக் காலம் ஆகியவற்றைக் கேட்புப் படிவத்தில் எழுதினால் வெறும் வாட் எண்ணைக் காட்டும் விற்பனையாளர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள்.

எந்தச் செடிக்கு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 200 மைக்ரோமோலை 16 மணி நேரம் தந்தால் ஒரு நாளில் 11.5 மோல் சேரும். லெட்யூஸ் போன்ற கீரைக்கு இது ஏறத்தாழப் போதும். தக்காளிக்கு இதன் இருமடங்கு வேண்டும். திசு வளர்ப்புக் குடுவைகளுக்கு 40 முதல் 60 மைக்ரோமோலே வழக்கம் என்பதால், அங்கே தரமான சாதாரண வெண்ணிற எல்.இ.டி. குழலே போதும், விலையுயர்ந்த சிறப்பு விளக்கு தேவையில்லை. வெயில் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில், மாடியிலோ பசுமைக்குடிலிலோ செய்யக்கூடிய சோதனையை விளக்கின் கீழ் செய்வதற்கும் தக்க காரணம் வேண்டும்.

குவாண்டம் சென்சார் விலை அதிகம், எல்லாத் துறைகளாலும் வாங்க முடியாது என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்புதான். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்திற்கு ஒரு கருவி இருந்தாலே போதும். விளக்கை மாட்டியபோது ஒருமுறை, பின்னர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அளந்தால் தேவை தீர்ந்துவிடும். அதுவும் கிடைக்காத இடத்தில், வெண்ணிற எல்.இ.டி.யின் கீழ் லக்ஸ் மீட்டர் காட்டும் எண்ணை 70ஆல் வகுத்தால் ஏறத்தாழச் சரியான மதிப்பு வரும். அது மதிப்பீடு என்று ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடலாம். ஊதா விளக்குக்கு இந்தக் குறுக்குவழி பொருந்தாது.

2018இல் நேச்சர் பிளான்ட்ஸ் இதழில் வெளிவந்த விரைவு இனப்பெருக்க முறை, 22 மணி நேர ஒளியில் கோதுமையை ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை கொண்டுசென்றது. பிற நாடுகளின் ஆய்வகங்கள் அதைத் தமதாக்கிக்கொள்ள முடிந்ததற்கு, ஒளியின் அளவும் நிறமும் அங்கே உரிய அலகில் எழுதப்பட்டிருந்தது ஒரு முக்கியக் காரணம். நம் மாணவர்களின் உழைப்பும் அப்படிப் பிறருக்குப் பயன்பட வேண்டும். நெறியாளர்கள் முறையியல் பகுதியைத் திருத்தும்போதும், தேர்வாளர்கள் வாய்மொழித் தேர்விலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: செடியின் உச்சியில் எத்தனை மைக்ரோமோல், எந்த நிறமாலை? இரண்டு ஆண்டுகள் இக்கேள்வி விடாமல் கேட்கப்பட்டால், கொள்முதல் படிவங்கள் தாமாகவே மாறிவிடும்.