5 பூத் சீட்டை எண்ணினால் போதுமா? சங்கரன்கோவிலை வைத்து ஒரு கணக்கு

ஓட்டு எண்ணிக்கை முடியும் நேரத்தில் பூத் எண் எழுதிய அட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு, ஏஜென்ட்டுகள் முன்னிலையில் ஐந்தைக் குலுக்கி எடுப்பார்கள். அந்த ஐந்து பூத்களின் விவிபேட் சீட்டுகளை எண்ணி, இயந்திரம் காட்டிய கணக்கோடு ஒப்பிடுவார்கள். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் இதுதான் நடைமுறை. முன்பு ஒரு பூத் மட்டும்தான். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது. எதிர்க்கட்சிகள் கேட்டதோ 50 சதவீதம்.

“அஞ்சை எண்ணி என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறாங்க?” என்று டீக்கடையில் கேட்டால், பிளஸ் ஒன்னில் படித்த நிகழ்தகவில் பதில் இருக்கிறது.

2021-ல் சங்கரன்கோவிலில் வெற்றி வித்தியாசம் சுமார் 5,300 ஓட்டு. ஒருவரின் ஓட்டை இன்னொருவருக்கு மாற்றினால் வித்தியாசம் இரண்டு குறையும். அதனால் 2,650 ஓட்டு மாறினாலே சமம். பூத்துக்கு 130, 140 ஓட்டு என்றால் 20 பூத் போதும். இது பேச்சுக்குத்தான், அங்கே அப்படி நடந்தது என்று யாரும் படிக்க வேண்டாம்.

கணக்குக்கு வசதியாக மொத்தம் 300 பூத் என்று வைப்போம். முதல் அட்டை நல்ல பூத்தாக இருக்கும் வாய்ப்பு 280/300. எடுத்த அட்டையைத் திரும்பப் போடுவதில்லை. எனவே அடுத்தது 279/299, பிறகு 278/298. முதலில் வந்தது அடுத்ததன் வாய்ப்பை மாற்றுகிறது பாருங்கள், இதுதான் சார்பு நிகழ்ச்சி. ஐந்தையும் பெருக்கினால் சுமார் 0.71. அதாவது, 100-க்கு 71 தடவை தவறு சிக்காமலே போய்விடும்! டீக்கடைக்காரர் சந்தேகம் நியாயம்தான்.

ஆனால் இதே வேலை 20 தொகுதிகளில் நடந்தால்? சங்கரன்கோவிலில் எந்த அட்டை வந்தது என்பது தென்காசி குலுக்கலைப் பாதிக்காது. இது சார்பிலா நிகழ்ச்சி. எனவே 0.71-ஐ 20 தடவை பெருக்க வேண்டும். ஓர் இடத்தில்கூட மாட்டாமல் தப்பும் வாய்ப்பு சுமார் ஆயிரத்தில் ஒன்றுதான்.

ஆக, மாநிலம் தழுவிய மோசடியைப் பிடிக்க ஐந்து தாராளம். குறைந்த வித்தியாசத்தில் முடிந்த ஒற்றைத் தொகுதிக்கு அது போதாது. எத்தனை சதவீதம் என்ற சண்டையில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. வித்தியாசம் குறைந்தால் கூடுதல் பூத் என்று விதி வைப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

2024 ஏப்ரலில் எல்லா சீட்டையும் எண்ணும் கோரிக்கையை நிராகரித்த உச்ச நீதிமன்றம், வேறு ஒரு வழி விட்டது. இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்த வேட்பாளர்கள் முடிவு வந்த 7 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்தால், தொகுதியின் 5 சதவீத இயந்திரங்களைப் பொறியாளர்கள் சோதிப்பார்கள். இங்கே குலுக்கல் கிடையாது. எந்த பூத் என்பதை வேட்பாளரே குறிப்பிடலாம். செலவு அவருடையது. முறைகேடு உறுதியானால் பணம் திரும்பக் கிடைக்கும்.