சுவரும் சித்திரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் பெரியோர். ஆனால் சித்திரத்தைக் கண்டு வியக்கும் நாம் சுவரை நினைப்பதில்லை. புகழ்பெற்றோர் வாழ்ந்த இல்லங்களைக் காணச் செல்லும்போதும் இதே நிலைதான் என்பது எங்கள் கருத்து.

இவ்வாண்டுக் கல்விச் சுற்றுலாவில், சென்னை திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிலுள்ள பாரதியார் இல்லத்தைக் கண்டோம். மகாகவி தம் இறுதி நாட்களைக் கழித்த வீடு அது. அந்நாட்களில்தான் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது. சில மாதங்களில், 1921 செப்டம்பரில், 38 வயதில் அவர் மறைந்தார். 1993 முதல் அவ்வீடு அரசின் நினைவில்லமாக விளங்குகிறது. எட்டயபுரத்தில் அவர் பிறந்த வீடும், புதுச்சேரியில் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடும் இவ்வாறே காக்கப்பட்டு வருகின்றன.

இத்தகைய இல்லங்களுக்கு வருவோர் எதைத் தேடுகிறார்கள்? கவிஞர் எங்கே அமர்ந்து எழுதினார், அவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்று ஆவலோடு கேட்கிறார்கள். அடுப்படி எங்கே இருந்தது என்று கேட்பவர் உண்டா? எழுதும் மேசை மட்டுமா வீடு?

செல்லம்மா அம்மையாருக்குத் திருமணம் நடந்தது 1897-இல். அப்போது அவருக்கு வயது ஏழு. கணவர் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் மறைந்து வாழ்ந்த காலத்தில், வறுமையிலும் ஒற்றர்களின் கண்காணிப்பிலும் இரண்டு பெண் குழந்தைகளோடு குடும்பத்தை நடத்தியவர் அவர். சமைக்க வைத்திருந்த அரிசியைப் பாரதியார் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்த கதையை நாம் எல்லாரும் அறிவோம். கவிஞரின் கருணைக்குச் சான்றாக அதைப் பேச்சுப் போட்டிகளில் சொல்லிக் கைதட்டலும் பெறுகிறோம். ஆனால் அன்று அந்த வீட்டில் உலை எப்படிக் கொதித்தது? குழந்தைகளின் பசிக்கு விடை சொல்ல வேண்டியிருந்தவர் யார்?

கணவர் மறைந்தபோது அம்மையாருக்கு வயது முப்பத்தொன்றுதான். அவர் மூலையில் அமர்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. 1922-இல் பாரதி ஆசிரமத்தின் வாயிலாகக் கணவரின் பாடல்களை நூலாக வெளிக்கொணர முனைந்தார். பின்னாளில் அவரது வரலாற்றையும் எடுத்துரைத்தார். 1955-இல் காலமானார். இன்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் பாடல்கள் அழியாமல் நம் கைக்கு வந்ததில் இந்த அம்மையாருக்கும் பங்கு உண்டு.

கவிஞரின் இல்லத்தில் கவிஞரைத்தானே காண வேண்டும், அவர் மனைவியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கவிதையை மட்டும் அறிய வேண்டுமானால் நூலகமே போதும். செங்கல்லையும் ஓட்டையும் காப்பது, அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அறிவதற்காகத்தானே? அவர் தனியாக வாழவில்லையே!

இவ்வாறு கேட்பது பாரதியாருக்கு எதிரானதும் அன்று. நிவேதிதா தேவியார் அவரைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டாராம். அந்தக் கேள்வி அவர் உள்ளத்தைத் தைத்தது. தேவியாரைத் தம் குருவாகவே கொண்டு, 1908-இல் வெளிவந்த 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவருக்குக் காணிக்கையாக்கினார். நினைவில்லங்களுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்கிறோம்: "செல்லம்மா எங்கே?" 2022-இல் அம்மையாரின் ஊராகிய கடையத்தில், இருவரும் சேர்ந்து நிற்கும் சிலை திறக்கப்பட்டது என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

அன்புத் தோழியரே, இந்த ஆண்டு நமக்கு அரசுத் தேர்வு. நாம் விளக்கின் கீழ் அமர்ந்து படிக்கும்போது பாத்திரம் துலக்கும் ஓசை உள்ளிருந்து கேட்கிறதல்லவா? அதுவும் நம் மதிப்பெண்ணில் சேர வேண்டிய ஒன்றுதான். அந்தக் கைகளுக்கு நாம் ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா? எழுந்து சென்று பாதிப் பாத்திரத்தைத் துலக்கினால் இன்னும் நன்று. நம் அண்ணன் தம்பியரும் உடன் வரட்டும்.

மதிப்பிற்குரிய பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடுமோ என்ற அச்சம் எங்களுள் சிலருக்கு உண்டு. சுவராக நிற்பது இழிவன்று. ஆயினும் ஏழு வயதில் மணமான செல்லம்மாவிடம் என்ன விருப்பம் என்று கேட்டவர் எவரும் இருந்திருக்க மாட்டார். எங்களைக் கேளுங்கள். சுவராக நின்று தாங்கவும் எங்களால் முடியும். சித்திரம் எழுதவும் எங்களால் முடியும்.

- மாணவி, பத்தாம் வகுப்பு