மணம் முடிந்தால் கைத்திறம் போகுமோ?

திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் உலகச் சந்தைக்கெனக் கைப்பேசிகள் உருவாகின்றன. அவற்றின் நுண்ணுறுப்புகளை இணைத்துப் பூட்டும் கைகளிற் பெரும்பாலானவை ஊர்ப்புறத்தினின்று வந்த இளம் பெண்களின் கைகள். இத்தொழிலைப் பற்றிப் பேசும் அமைச்சர்கள் முதலீட்டுக் கணக்குச் சொல்வர். ஏற்றுமதிக் கணக்குஞ் சொல்வர். அப்பெண்கள் பத்தாண்டு கழித்து எங்கிருப்பர் என்னும் கணக்கை மட்டும் எவரும் சொல்லக் கேட்டிலோம்.

2021 திசம்பரில், பாக்சுகான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூவிருந்தவல்லி விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். தோழியர் சிலர் இறந்துபட்டனர் என்று பரவிய பேச்சு பின்னர்ப் பொய்யெனத் தெளிந்தது. எனினும், அப்பேச்சை நம்பும் நிலையில் அப்பெண்கள் வைக்கப்பட்டிருந்தமை பொய்யன்று. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்து மறித்தனர். ஓரறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை அடைந்து கிடந்ததும், தரையிற் படுத்துறங்கியதும் அதன் பின்னரே வெளியுலகுக்குத் தெரிந்தன. விடுதிகள் சில தன் வரையளவுக்கு ஏற்றவையல்ல என ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை 2022 சனவரியிற் மீண்டும் திறந்தது.

அந்தப் போராட்டம் வீண்போகவில்லை. 2024 ஆகத்தில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதியைத் தமிழக அரசு 706 கோடி உருபாவுக்கு மேற் செலவிட்டுத் திறந்தது. நல்ல செயலே; பாராட்டுகின்றோம். ஆயினும், கட்டில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததாகுமா? விடுதிக் கட்டில் மணமாகாதவளுக்கன்றோ!

மணமானவள் நிலை என்ன? அவ்விடுதி திறப்பதற்கு முன்னரே நிலவிய நடைமுறையொன்றை 2024 சூனில் இராய்ட்டர்சு செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. கைப்பேசி இணைக்கும் பணிக்கு மணமான பெண்களை ஆள்திரட்டுவோர் வாயிலிலேயே திருப்பியனுப்பினர் என்பது அச்செய்தி. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்: குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, அடிக்கடி விடுப்பு, இவற்றோடு, மெட்டி முதலிய அணிகள் பணிக்கு இடையூறாம்! ஆடவன் விரலிற் கணையாழி இருந்தால் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்பார்கள்; பெண்ணின் காலில் மெட்டி இருந்தால் வேலையே இல்லை என்பார்களோ? வேலை மலிந்து ஆள் போதாத காலங்களில் இவ்விலக்குத் தளர்ந்தது என்பதையும் அச்செய்தியே கூறிற்று. அங்ஙனமாயின் தேவை வந்தபோது மெட்டி இடறவில்லை, பிள்ளையும் இடறவில்லை!

நிறுவனம் இதனை மறுத்தது. புதிதாய்ச் சேர்ந்த பெண்களில் ஏறத்தாழ நாலிலொருவர் மணமானவரே என்றது. நடுவணரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அவ்வாண்டு நவம்பரில், வேலை விளம்பரங்களில் மணநிலை பற்றிய குறிப்பை நீக்குமாறு ஆள்திரட்டுவோர்க்கு நிறுவனமே அறிவுறுத்தியதாகச் செய்தி வந்தது. விளம்பரத்தில் இல்லாத ஒன்றை நீக்கச் சொல்ல வேண்டுவதில்லை.

முதலாளியை மட்டும் குறை கூறுவது எளிது. மணம் முடிந்த மறுதிங்களே ‘இனி வேலை எதற்கு?’ என்று கேட்பவர் மாமியாரும் கணவனுமாகிய நம்மவரே. பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் அவளொருத்தியின் சுமை என நாம் வீட்டிற் கொண்ட முடிவையே அவன் ஆலை வாயிலில் எழுதி ஒட்டுகிறான். ஐம்பதின்மர்க்குக் குறையாமற் பணிபுரியும் இடத்திற் குழந்தைக் காப்பகம் வேண்டுமென 2017ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் சட்டத்திருத்தம் விதித்தது. பல்லாயிரம் பெண்கள் உழைக்கும் ஆலைகளில் அது தொட்டிலும் தாதியுமாய் நடக்கின்றதா, ஏட்டளவில் நிற்கின்றதா என்று ஊர்தோறும் கேட்கப்பட வேண்டும்.

அன்பர்களே! உங்கள் ஊருக்கும் ஆள்திரட்டுவோர் ஊர்தியோடு வருவர். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை ஆண்டுக்கு வேலை, மணமானபின் வேலை உண்டா, பிள்ளைப்பேற்றுக்குப்பின் அதே இருக்கை கிடைக்குமா, இணைப்பு வரிசையினின்று மேற்பார்வைப் பணிக்கு உயர வழியுண்டா என்று கேளுங்கள். விடையை எழுத்திற் பெறுங்கள். வாய்மொழியாக மறுப்பவரின் பெயரையும் நாளையும் குறித்து வைத்துத் தொழிலாளர் அலுவலகத்தில் முறையிடுங்கள்.