பெர்த்திலிருந்து லண்டன் எத்தனை தூரம்?

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு எத்தனை தூரம் என்று வினவினால், பூகோள உருண்டையின்மேல் நூலைப் பிடித்து அளப்பவர் சற்றும் தயங்காமல் சுமார் 14,500 கிலோமீட்டர் என்று விடை பகர்ந்துவிடுவார். அந்த விடையில் பிழையில்லை. ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பிப் பெட்டியைக் கட்டுகிற பிரயாணி பாதி உண்மையோடுதான் புறப்படுகிறார் என்பது என் அபிப்பிராயம். நூல் பூமியை அளக்கிறது. விமானமோ காற்றையும், தேசங்களின் எல்லைகளையும், அவற்றுக்கிடையே மூளும் பகையையும் சேர்த்தல்லவா கடக்க வேண்டியிருக்கிறது!

1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது, ஆஸ்திரேலியாவை இங்கிலாந்தோடு இணைத்திருந்த ஆகாய மார்க்கம் அறுபட்டது. அறுந்ததை முடிபோட, 1943 முதல் பெர்த்தின் ஸ்வான் நதியிலிருந்து இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிவரை, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டும் சேவையொன்றைக் கான்டாஸ் நிறுவனம் கட்டலினா என்னும் நீர்விமானங்களைக் கொண்டு நடத்தியது. பெட்ரோலின் பாரமே பெரும்பாரமாகிவிட்டபடியால் பிரயாணிகள் மூவருக்கு மேல் இடமில்லை. சத்துரு கேட்டுவிடுவானென்று ரேடியோவும் மௌனம் சாதிக்க, நட்சத்திரங்களைப் பார்த்தே திசை நிர்ணயித்த அந்த விமானிகள் சாதாரணமாக ஒருநாள் பொழுதுக்கு மேல் ஆகாயத்திலேயே கழித்தார்கள்; ஒரு தடவை 32 மணி 9 நிமிடம் ஆயிற்று. ஒரே பிரயாணத்தில் சூரியோதயத்தை இருமுறை கண்டவர்களுக்கு அதற்கென்றே ஓர் அத்தாட்சிப் பத்திரமும் அளித்தார்களாம். இந்தக் காலத்தில் பதினேழு மணி நேரம் கால் நீட்ட இடமில்லையென்று முனகுகிறவர்களுக்கு (நானும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவன்தான்) இதைச் சொல்லிவைப்பது தகும்.

யுத்தம் ஓய்ந்தபின், 1947-இல் சிட்னியிலிருந்து லண்டனுக்கு வழிநெடுகத் தங்கித் தங்கிச் செல்ல நான்கு நாள் பிடித்தது. 2018 மார்ச் 24 அன்று பெர்த்தில் கிளம்பிய போயிங் 787 விமானமோ ஏறத்தாழப் பதினேழு மணி நேரத்தில், எங்கும் இறங்காமல் லண்டனை அடைந்துவிட்டது. இனித் தூரம் என்பதே இல்லையென்று பலரும் பூரித்தார்கள்.

அந்தப் பூரிப்புக்கு ஆறே ஆண்டுதான் ஆயுள். 2024 ஆகஸ்டில் மேற்காசியாவில் யுத்த பயம் சூழ்ந்து, ஈரானின் ஆகாயத்தை விலக்கிச் சுற்றிப்போக நேர்ந்தபோது, பெர்த்திலிருந்து லண்டன் செல்லும் விமானம் எரிபொருளுக்காகச் சில காலம் சிங்கப்பூரில் இறங்கிச் சென்றது. லண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்பும் விமானம் மட்டும் எங்கும் இறங்கவில்லை. மேற்கிலிருந்து கிழக்கே உயரத்தில் வீசும் பெருங்காற்று போகும்போது எதிர்த்து நிற்கிறது, திரும்பும்போது பின்னின்று தள்ளுகிறது. சுற்றுவழியின் நஷ்டத்தை அந்தத் தள்ளலே ஈடுசெய்துவிட்டது.

ஆகையால், இரண்டு ஊர்ப் பெயர்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர்க் கணக்கையும் ஒரு மணிக் கணக்கையும் அச்சிட்டு ஓய்ந்துவிடுகிறவர்களிடம், போக ஒரு நேரமும் வர ஒரு நேரமும், இன்றைக்குத் திறந்திருக்கும் பாதை எதுவென்பதும் சேர்த்துக் கேட்பது பிரயாணியின் நியாயமான உரிமையேயாகும். சிங்கப்பூரை இழந்ததால் 1943-இல் கொக்கலவுக்குப் பறந்தார்கள். 2024-இலோ அதே சிங்கப்பூரில் இறங்கித்தான் லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. நூல் பிடித்து அளந்த 14,500 கிலோமீட்டர் மட்டும் இத்தனைக்கும் நடுவே ஒரு முழங்கூட மாறவில்லை.