மானியம் ஒருமுறை, பாக்கி மாதா மாதம்

வேலையில்லாத இளைஞர்களுக்குக் கடன் கொடுத்துவிட்டால் தொழில் தானாக நடக்கும் என்ற நம்பிக்கை அரசுக்குப் புதியதல்ல. நரசிம்ம ராவ் ஆட்சியில் 1993 அக்டோபர் 2 அன்று தொடங்கிய பிரதமர் ரோஜ்கார் யோஜனா, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான தொழில்களுக்குக் கைகொடுத்தது. மானியம் 15 சதவீதம். அதுவும் 7,500 ரூபாய்க்கு மேல் இல்லை. 2008இல் அது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கலந்தது. 2019இல் மகாராஷ்டிர அரசும் முதல்வர் பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர்கள் மாறின, தொகைகள் பெருகின. வாங்கிய கடனில் தொழில் நிலைக்கிறதா என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இதற்கு உரைகல் புனே. வாகன ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்துதரும் பட்டறைகள் போசரி, பிம்ப்ரி-சின்ச்வட் பகுதிகளில் நிறைந்திருக்கின்றன. அங்கே 10 லட்சம் ரூபாயில் லேத் பட்டறை வைக்க மத்திய அரசுத் திட்டத்தை நாடும் பொதுப் பிரிவு இளைஞர் ஒரு லட்சம் கைக்காசு போட வேண்டும். மீதி வங்கிக் கடன். மானியமான ஒன்றரை லட்சம் அவர் கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, பட்டறை இயங்குவதை நேரில் பார்த்த பிறகே கடனில் கழிக்கப்படும்.

மானியத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுபவரைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டறைக்கு மூச்சு முட்டுவது அந்த மூன்று ஆண்டுகளில்தான். கூலியும் மின்கட்டணமும் காத்திருப்பதில்லை. சலுகைக் காலம் முடிந்ததும் வங்கித் தவணையும் சேர்ந்துகொள்ளும். சரக்கை வாங்கிய கம்பெனியின் செக் எப்போது வரும் என்பது கம்பெனிக்கே வெளிச்சம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்துத் தீர்க்கும்வரை வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2023இல் வருமானவரி விதியும் இறுக்கப்பட்டது. இருந்தும், ஒரே கம்பெனியை நம்பிப் பிழைக்கும் பட்டறைக்காரர் அதன்மேல் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் யார் தருவார்?

பணம் மட்டும் போதாது என்பதை முன்பே உணர்ந்தது பாரதிய யுவ சக்தி டிரஸ்ட். முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள் லட்சுமி வெங்கடேசன், ஜே.ஆர்.டி. டாடாவைத் தலைவராகக் கொண்டு 1992இல் நிறுவியது அது. டாடாவுக்குப் பின் தலைமையேற்றவர் புனேயின் ராகுல் பஜாஜ். புனேயிலும் இயங்கும் இந்த அமைப்பு, கடன் பெற உதவுவதோடு அனுபவசாலி ஒருவரையும் இளைஞருக்குத் துணையாக அனுப்புகிறது. விலை சொல்வது, கணக்கு வைப்பது, பாக்கி வசூலிப்பது எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள்.

அரசுத் திட்டத்திலும் பயிற்சி உண்டு. தொடக்கத்தில் சில நாள் வகுப்போடு சரி. பட்டறை இருக்கிறதா என்று மூன்றாம் ஆண்டில் பார்க்க வருபவர், ஆறாம் மாதமே வந்து பாக்கி வசூலாகிறதா என்று விசாரித்தால், மூன்றாம் ஆண்டில் பார்ப்பதற்குப் பட்டறை மிஞ்சும்.