கல்வராயன் மலையில் சார்ஜிங் நிலையம்: அந்த ஒரு ரூபாய் யாருக்கு?

2023 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு மின் வாகனக் கொள்கை பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கு மூலதன மானியம் அறிவித்தது. ஒன்றிய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் இதற்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியுள்ளது. நகரங்களையும் நெடுஞ்சாலைகளையும் அடுத்து இந்நிலையங்கள் சுற்றுலா மலைகளில் ஏறும். மேகம், பெரியார் அருவிகளைக் கொண்ட கல்வராயன் மலை விலக்காக இராது. நாம் அதனை எதிர்க்கவில்லை. எவருடைய நிலத்தில், எவருடைய ஒப்புதலோடு என்று மட்டும் கேட்கிறோம்.

ஜாகிர்தார்களின் பிடியில் 1976 வரை கிடந்த மலை அது. பிறகு வனத்துறை வந்தது. மலையாளிப் பழங்குடியினரின் கையில் பட்டா வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயத்துக்குப் பலியான பின்னரே, இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலைக்கு நீதிமன்றம் பேச வேண்டியிருந்த இடம் இது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)இல், வனநிலத்தை விடுவிக்கத்தக்க 13 வசதிகளைப் பட்டியலிடுகிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, சாலை, மின்கம்பி ஆகியன அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலமும் கிராம சபையின் பரிந்துரையும் வேண்டும். சார்ஜிங் நிலையம் அப்பட்டியலில் இல்லை. ஆனால் 2023இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டம், சாலையோர வசதிகளுக்கு 0.10 ஹெக்டேர் வரை விலக்களிக்கிறது. ஏறக்குறைய 25 சென்ட். சார்ஜிங் நிலையமும் சாலையோர வசதியே என்று நாளை ஒரு துறை வாதிடும். மத்திய அனுமதியிலிருந்து கிடைக்கும் அந்த விலக்கு, வன உரிமைச் சட்டத்தின் கடமைகளை நீக்கிவிடாது என்பதே நம் பதில். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால் பெசா சட்டம் இங்கே துணைக்கு வராது. கையிலிருக்கும் ஆயுதம் வன உரிமைச் சட்டம்தான்.

இனி வருவாய். ஒன்றிய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதலின்படி, பொதுச் சார்ஜிங் நிலையத்துக்கு அரசு நிலம் தரப்பட்டால், விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1 ரூபாய் நில உடைமை முகமைக்குச் சேரும். நாளொன்றுக்கு 100 யூனிட் விற்றால் ஆண்டுக்கு 36,500 ரூபாய். அற்பத் தொகைதான். எனினும் அதனை வாங்குபவரே அந்நிலத்தின் உடைமையாளராக ஏட்டில் பதிவாகிறார். நாம் வாதிடுவது அந்தப் பதிவுக்காக. சமுதாய வன வள உரிமை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் அந்த ரூபாய் கிராம சபைக்கே உரியது.

மின்சாரமும் கணக்கில் வர வேண்டும். 60 கிலோவாட் வேகச் சார்ஜர் ஒன்று இழுப்பது, தலா 1 கிலோவாட் பயன்படுத்தும் 60 வீடுகளின் சுமை. அதற்காக மேலேறும் புதிய கம்பியும் டிரான்ஸ்பார்மரும் வழியிலுள்ள குக்கிராமங்களுக்கும் மின்சாரம் தர வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதச் சொல்லலாம்.

கள்ளக்குறிச்சியில் பயிலும் மாணவர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்றுண்டு. எந்தெந்த ஊரில் சமுதாய உரிமைக்கு மனு அளிக்கப்பட்டுள்ளது, எது நிலுவையில் உள்ளது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தீர்மானத்தின் நகல் கிடைத்தால் கையொப்பங்களை எண்ணுங்கள்: கிராம சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.